ஒரு மணம், இரண்டு வேர்கள்

திருவண்ணாமலையில், அருணாசல மலையின் அடிவாரத்தில் நன்னாரியைத் தேடிப் போகிறவர் முதல் அரை மணி நேரம் ஏமாந்துதான் போவார். காரை, சூரை, உண்ணி என்று முட்புதர் மண்டிய இடத்தில், அவற்றின் மேல் ஏறியும் தரையில் படர்ந்தும் கிடக்கும் மெல்லிய கொடி அது. கண்ணைக் கவரும் பூ கிடையாது. இலைக்கணுவில் வெளியே பச்சையும் உள்ளே கருஞ்சிவப்புமாகப் பொடிப்பொடியாகப் பூத்திருக்கும். இலையோ ஆளைக் குழப்பும். ஒரே கொடியில் ஓரிடத்தில் புல்லின் அகலத்துக்கு நீண்டிருக்கும். இன்னோரிடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முட்டை வடிவில் விரிந்திருக்கும். எதிரெதிரே அமைந்த இலைகள், கரும்பச்சையில் நடுநரம்பை ஒட்டி ஓடும் வெள்ளைப் பட்டை, கிள்ளினால் கசியும் பால் ஆகியவைதான் அடையாளம். பால் வரும் கொடிகள் அதே புதரில் வேறு சிலவும் இருக்கும். அதனால் பழகியவர்கள் இலையோடு நிற்பதில்லை. மண்ணைச் சற்றுக் கிளறி, பென்சில் தடிமனில் ஓடும் வேரை நகத்தால் சுரண்டி மோந்து பார்ப்பார்கள். அதன் பிறகு அவர்களுக்குச் சந்தேகம் வருவதில்லை.

மூக்கின் மேல் வைத்த இந்த நம்பிக்கை காட்டில் செல்லும். கடைத்தெருவில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

தாவரவியலில் நன்னாரிக்கு ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் என்று பெயர். லின்னேயஸ் 1753-இல் இதைப் பெரிப்ளோகா இண்டிகா என்று பதிவு செய்தார். பின்னர் ராபர்ட் பிரவுன் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். எருக்கும் அரளியும் நித்தியகல்யாணியும் இருக்கும் அப்போசைனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. நஞ்சுக்குப் பேர்போன அந்தக் குடும்பத்தில், பச்சைக் குழந்தையின் கரப்பானுக்கும் பாலில் உரசிக் கொடுக்கிற அளவுக்குச் சாதுவான பிள்ளை இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். கங்கைச் சமவெளியிலிருந்து தெற்கே இலங்கை வரை பரவியிருக்கிறது. சிங்களவர் இதை இரமுசு என்கிறார்கள். அங்கும் வேரை ஊறப்போட்டுக் குடிக்கிறார்கள்.

*

அந்த மணம் எங்கிருந்து வருகிறது? வேரை நசுக்கி நீராவியில் வடித்தால் மிகச் சிறிதளவு எண்ணெய் கிடைக்கும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த எண்ணெயைப் பகுத்துப் பார்த்தபோது, அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு ஒரே ஒரு சேர்மம்தான் இருந்தது: 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு. பெயர் நீளம், ஆள் எளியவர். எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். மூலக்கூறு எடை 152. ஐஸ்கிரீமில் நாம் முகரும் வெனிலினுக்கும் இதே எண்ணிக்கைதான், இதே எடைதான். நன்னாரி மணத்தில் வெனிலாவின் சாயலும் தெரியும்.

வேறுபாடு அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் அடித்தளம் ஆறு முனை கொண்ட பென்சீன் வளையம். அதை ஒரு சுவர்க்கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்டிஹைடு தொகுதி 12 மணியில் இருக்கட்டும். வெனிலினில் ஹைட்ராக்ஸில் தொகுதி நேர் எதிரே 6 மணியில் இருக்கும், மெத்தாக்ஸி தொகுதி 4 மணியில். நன்னாரிச் சேர்மத்தில் ஹைட்ராக்ஸில் 2 மணிக்கு ஏறி ஆல்டிஹைடின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. மெத்தாக்ஸி 6 மணிக்கு இறங்கிவிடுகிறது.

இடம் மாறியதில் குணமும் மாறுகிறது. பக்கத்தில் வந்த ஹைட்ராக்ஸிலின் ஹைட்ரஜன், ஆல்டிஹைடின் ஆக்சிஜனை எட்டிப் பிடித்துக்கொள்கிறது. வேதியியலில் இதை மூலக்கூறின் உள்ளேயே அமையும் ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். இப்படித் தனக்குள்ளேயே கைகோத்துக்கொண்ட மூலக்கூறு, பக்கத்து மூலக்கூறுகளையும் தண்ணீரையும் அவ்வளவாகப் பற்றுவதில்லை. வெனிலின் உருகுவதற்கு 80 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். இது 42 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். திருவண்ணாமலையின் அக்கினி நட்சத்திர வெயில் கிட்டத்தட்ட அந்த எல்லையைத் தொட்டுவிடும். நீராவியோடு எளிதில் கிளம்பிப் போய்விடும் குணமும் இதற்கு உண்டு.

நன்னாரியைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சக் கூடாது என்று பாட்டிமார் சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது. அவர்கள் வேரைக் கழுவி, அம்மியில் தட்டி, உள்ளிருக்கும் வெள்ளைக் கட்டையை எறிந்துவிட்டுப் பட்டையை மட்டும் எடுப்பார்கள்; மணம் பட்டையில்தான் இருக்கிறது. அதன் மேல் வெந்நீரை ஊற்றி, மூடி, இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு ஊறல் குடிநீர் என்று பெயர். மூடாமல் அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினால் வீடெல்லாம் மணக்கும், பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

லண்டனில் உட்கார்ந்து மருந்துநூல் எழுதியவர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் பார்மகோப்பியாவில் நன்னாரிப் பாகு செய்ய ஒரு முறை இருந்தது. நசுக்கிய வேர் 4 அவுன்ஸ், கொதிக்கும் நீர் 1 பைண்ட். மூடிய பாத்திரத்தில் 4 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, 28 அவுன்ஸ் சர்க்கரையை மெல்லிய சூட்டில் கரைக்க வேண்டும். இன்று கிரிவலப் பாதையில் விற்கும் சர்பத்துக்கான பாகுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

*

லண்டன் மருந்துநூலுக்குள் நன்னாரி எப்படிப் போனது என்பது தனிக் கதை.

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த வைட்லா எய்ன்ஸ்லி, தமிழ் வைத்தியர்கள் பயன்படுத்திய சரக்குகளைத் தொகுத்து 1813-இல் சென்னையிலேயே ஒரு நூல் வெளியிட்டார். 1826-இல் அது விரிந்து இரண்டு தொகுதிகளாக லண்டனில் வந்தது. அதில் நன்னாரி வேர் உண்டு. கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் வேர்ப்பொடியைப் பசும்பாலில் கொடுக்கிறார்கள், இரத்தத்தைச் சுத்தம் செய்யவும் பித்தத்தைத் தணிக்கவும் சீரகத்தோடு சேர்த்துக் குடிநீராக்கிக் கொடுக்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். இருநூறு ஆண்டுகள் கழித்து இன்றும் ஒரு சித்த மருத்துவரிடம் கேட்டால் ஏறத்தாழ இதையே சொல்வார். முருகேச முதலியாரின் குணபாடம் என்னும் சித்த மருந்துநூல் நன்னாரிக்குச் சொல்லும் செய்கைகளில் உடல்தேற்றி, சிறுநீர்பெருக்கி, வியர்வைபெருக்கி ஆகியவை உண்டு. சுவை இனிப்பும் சிறுகைப்பும், தன்மை தட்பம்.

ஐரோப்பியர்களுக்கு இதில் ஆர்வம் பிறந்ததற்குக் காரணம் வேறு: மேகப்புண், அதாவது சிபிலிஸ். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் வெடித்த அந்த நோய்க்குப் பாதரசம் கொடுத்தார்கள். பல் கொட்டியது, ஈறு அழுகியது. பாதரசத்துக்கு மாற்றாக அமெரிக்கக் காடுகளிலிருந்து சார்சபரில்லா என்ற வேர் கப்பலேறியது. அது ஸ்மைலாக்ஸ் இனக் கொடி. அதே இனத்தின் சீன உறவு கோவா வழியாக நம் ஊருக்கு வந்தது. போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் கோவாவில் அச்சிட்ட நூலில் அதற்கென ஓர் உரையாடலே எழுதினார். நம் வைத்தியர்கள் அதைத் தயங்காமல் ஏற்று, பறங்கிப்பட்டை என்று பெயரிட்டுச் சூரணமாக்கினார்கள். பறங்கியர் கொண்டுவந்த நோய்க்குப் பறங்கியர் கொண்டுவந்த பட்டை. சித்த மருந்துகளில் பறங்கிப்பட்டைச் சூரணத்துக்கு இன்றும் தனி இடம் இருக்கிறது. பாரம்பரியம் என்றால் கதவடைத்துக்கொண்டு இருந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சூரணத்தைப் பார்த்தால் போதும்.

அமெரிக்க வேருக்கு விலை அதிகம், கலப்படமும் அதிகம். இந்தியாவிலேயே அதற்கு ஈடான சரக்கு கிடைக்காதா என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்கள் தேடினார்கள். 1831-இல் ஆஷ்பர்னர் என்ற மருத்துவர் நன்னாரியை ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1864-இல் பிரிட்டிஷ் பார்மகோப்பியா அதைச் சேர்த்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளில் வாரிங் தொகுத்த இந்திய மருந்துநூலிலும் இடம் பிடித்தது. 'இந்திய சார்சபரில்லா' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது.

தாவரவியல்படி இந்தப் பட்டத்துக்கு அடிப்படையே கிடையாது. ஸ்மைலாக்ஸ் ஒருவித்திலைத் தாவரம், நன்னாரி இருவித்திலை. ஸ்மைலாக்சின் சிறப்பு சபோனின் என்னும் நுரைக்கும் பொருள்கள். 1930-களின் முடிவில் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் அவற்றின் கருவை எடுத்துப் பெண்மை ஹார்மோனாக மாற்றிக் காட்டினார். நன்னாரியின் கதாநாயகனோ நாம் மேலே பார்த்த மணமுள்ள ஆல்டிஹைடு. இரண்டு வேர்களுக்கும் பொதுவாக இருந்தது, இரண்டும் 'இரத்தத்தைச் சுத்தம் செய்யும்' என்ற நம்பிக்கை மட்டுமே. சிபிலிஸ் விஷயத்தில் இரண்டும் ஒன்றும் செய்யவில்லை என்பதே உண்மை. அந்த நோய் தொடக்க கால அறிகுறிகள் மறைந்தபின் பல ஆண்டுகள் தானாகவே அடங்கிக் கிடக்கும் இயல்புடையது. அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அது குணப்படுத்தியதாகத் தோன்றும். 1943-இல் பென்சிலின் வந்து அந்த மயக்கத்துக்கு முடிவு கட்டியது.

*

சிறுநீர்பெருக்கி என்ற பேச்சுக்கு வருவோம். கல்கத்தாவில் வில்லியம் ஓஷானசி என்ற அயர்லாந்து மருத்துவர் நன்னாரியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்த அதே ஓஷானசிதான். 2 அவுன்ஸ் வேரை 1 பைண்ட் நீரில் ஊறவைத்து நாளெல்லாம் கொடுத்ததில் சிறுநீர் மூன்று, நான்கு மடங்கானது என்று பதிவு செய்தார். பின்னால் வந்த நூல்களெல்லாம் இதையே எடுத்தாண்டன. இன்றைய கண்ணோடு படிக்கும்போது ஒரு கேள்வி எழாமல் இல்லை: அந்த 1 பைண்ட், அதாவது அரை லிட்டருக்கு மேற்பட்ட வெறும் தண்ணீரை வேறு சில நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டாரா? ஒப்பிடும் வழக்கம் அந்தக் காலத்தில் பரவலாக இல்லை. வேடிக்கை என்னவென்றால், தண்ணீரின் மகிமையை அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று யாருமில்லை. 1831-இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, செத்துக்கொண்டிருந்தவர்களின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் குறைந்துபோனதுதான் சிக்கல், அவற்றைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று எழுதியவர் அவர். மறு ஆண்டே தாமஸ் லாட்டா அதைச் செய்து காட்டினார். இன்று மருத்துவமனைகளில் ஏற்றும் சலைனின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, சித்ரா பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றும் ஒருவர் கையில் இருக்கும் சர்பத் டம்ளரைக் கணக்குப் பார்ப்போம். 200 மில்லி, 10 டிகிரி குளிர் என்று வைத்துக்கொள்வோம். அது உடலுக்குள் போய் 37 டிகிரிக்கு வர எடுத்துக்கொள்ளும் வெப்பம் 5 கிலோ கலோரிதான். அதில் கரைந்திருக்கும் 30 கிராம் சர்க்கரையோ எரியும்போது 120 கிலோ கலோரி தரும். வெப்பமானியின் கணக்கில் சர்பத் சூடு! ஆனால் அதே 200 மில்லி நீர் பின்னர் வியர்வையாகித் தோலின் மேல் முழுவதும் ஆவியானால், ஏறக்குறைய 115 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சர்பத்தின் 'குளிர்ச்சி' பனிக்கட்டியில் இருப்பதைவிட இருபது மடங்கு வியர்வையில் இருக்கிறது. எலுமிச்சை பிழிந்து ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் வியர்வையில் போன உப்பில் கொஞ்சம் திரும்பி வரும்.

அப்படியானால் நன்னாரிக்கு இதில் என்ன வேலை? இன்னும் இரண்டு டம்ளர் குடிக்க வைக்கிறது. நடந்து களைத்தவருக்கு வெறும் தண்ணீர் இறங்குவதைவிட மணமுள்ள தண்ணீர் சுலபமாக இறங்கும். இதைச் சிறிய வேலை என்று நான் நினைக்கவில்லை. குணபாடம் சொல்லும் தட்பம் என்பது வெப்பமானியின் அளவு அன்று. உடலின் நிலையைப் பற்றிய ஒரு கருத்து. நீர்க்கடுப்பு தணிதல், கண்ணெரிச்சல் குறைதல், வாய் வறட்சி நீங்குதல் எல்லாம் அதற்குள் அடங்கும். கோடையில் தண்ணீர் போதாமல் சிறுநீர் செறிந்து கடுக்கும் ஒருவருக்கு ஊறல் குடிநீர் சுகம் தரும். அதில் வேரின் பங்கு எவ்வளவு, நீரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மனிதர்களிடம் முறையாக நடந்த சோதனைகள் மிகக் குறைவு. எலிகளிடம் நிறைய நடந்திருக்கின்றன. கல்லீரல், இரைப்பைப் புண், ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்று கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. எலிக்குக் கொடுக்கும் சாற்றின் அடர்த்தியை மனிதன் சர்பத்தில் எட்டவே முடியாது.

பாம்புக்கடி பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். பல ஊர்களில் நாட்டு வைத்தியர்கள் விஷக்கடிக்கு இந்த வேரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கல்கத்தா ஆய்வாளர்கள் 1994-இல் வேர்ச்சாற்றிலிருந்து விரியன் நஞ்சை எதிர்க்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மணச் சேர்மத்தின் நெருங்கிய உறவான, ஓர் ஆக்சிஜன் மட்டும் கூடிய ஓர் அமிலம் அது. சோதனை விலங்குகளில் நஞ்சின் இரத்தப்போக்கைக் குறைத்தது. அருமையான வேதியியல். அதற்காகக் கண்ணாடிவிரியன் கடித்தவர் வேரைத் தேடிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போய்விடும். அவருக்குத் தேவை மருத்துவமனையும் நஞ்சுமுறி ஊசியும். அந்த ஊசி மருந்துக்கான நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்களும் தமிழ்நாட்டுக் காட்டறிவு கொண்டவர்கள்தான்: 1978-இல் தொடங்கி, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

*

இதுவரை சொன்னதெல்லாம் நன்னாரியைப் பற்றி. கடையில் நாம் வாங்குவது நன்னாரிதானா?

திருவண்ணாமலையில் தேரடி வீதியை ஒட்டி, சாக்கு விரித்து மூலிகை விற்கும் ஒரு மூதாட்டியிடம் விரல் தடிமனுக்கு மேல் பருத்த, சதைப்பற்றுள்ள வேர்த்துண்டுகளைப் பார்த்தேன். "ஆயா, இது நன்னாரியா, மாகாளியா?" என்று கேட்டேன். ஒரு துண்டை உடைத்து என் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாரு கண்ணு. வாசனை வருதா இல்லியா? அப்பறம் இன்னா?"

வாசனை வந்தது. மாகாளிக்கிழங்கின் வாசனையும் அதுவேதான். டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்பது அதன் பெயர். 1834-இல் ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும் விவரித்த தாவரம். உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் வளர்கிறது. திருவண்ணாமலைக்கு வடக்கே ஜவ்வாது, தென்மேற்கே சேர்வராயன், கொல்லி என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறை இடுக்குகளில் இறங்கியிருக்கும் கிழங்கு. ஊறுகாய்ப் பிரியர்களுக்கு அறிமுகமே வேண்டாம். தோல் சீவி, நடுத்தண்டு நீக்கி, எலுமிச்சைச் சாற்றிலோ மோரிலோ போட்டு வைப்பார்கள். பிடித்தவர்களுக்கு அமுதம்; பிடிக்காதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளிப்பார்கள். கேலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. நசுக்கப்பட்ட மூட்டைப்பூச்சி எச்சரிக்கைக்காக வெளியிடும் பொருள்களும் ஆல்டிஹைடுகளே. வளையம் இல்லாத நேர்ச் சங்கிலி வகை. மாகாளியின் எண்ணெயை மைசூர் நிறுவனம் பகுத்தபோது, நன்னாரியைவிடவும் கூடுதல் விகிதத்தில் அதே 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு இருந்தது. தானியத்தில் விழும் வண்டுகளை அந்தக் கிழங்குப் பொடி கொல்வதையும் மைசூரில் காட்டியிருக்கிறார்கள்.

ஆக, ஆயா சொன்னதில் வேதியியல் பிழை எதுவும் இல்லை. ஒரு மணம், ஒரே மூலக்கூறு, இரண்டு செடிகள். இன்னும் விரித்தால் இரண்டோடும் நிற்காது. மேற்குக் கென்யாவில் லூயா மக்கள் முகோம்பேரோ என்று ஒரு வேரை மென்றுகொண்டு திரிவார்கள். பசி தூண்டும், வீரியம் தரும் என்று நம்பிக்கை. மொண்டியா வைட்டி என்ற அந்தக் கொடியும் நன்னாரி, மாகாளி இரண்டும் இருக்கும் அதே துணைக்குடும்பம். அதிலும் இதே மூலக்கூறு. அந்தச் சேர்மம் நம் தோலில் கருநிறம் உண்டாகக் காரணமான டைரோசினேஸ் என்னும் நொதியைத் தடுக்கிறது என்று 1999-இல் ஆப்பிரிக்க மூலிகைகளை வைத்து ஆய்ந்தவர்கள் கண்டார்கள். ஒரே மூதாதையின் வாரிசுகள் ஒரே வாசனையை மூன்று நிலங்களில் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மண்ணில் கிடக்கும் பூஞ்சையையும் புழுவையும் தடுக்கச் செடிக்கு அது உதவியிருக்க வேண்டும். நமக்கு மணப்பது தற்செயல்.

மணம் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இங்கேதான் ஆயாவிடமிருந்து நான் மாறுபடுகிறேன். எண்ணெய் என்பது வேரின் எடையில் மிகச் சிறு பங்கு. மீதிப் பகுதியில் நன்னாரிக்கே உரிய ஹெமிடெஸ்மின் போன்ற பொருள்கள் இருக்கின்றன. மாகாளிக்கு வேறு சரக்கு. நன்னாரி என்று பெயரிட்டு எலிக்குக் கொடுத்த சோதனைகள் நன்னாரிக்கானவை. இந்திய ஆயுர்வேத மருந்துநூலும் வெண் சாரிபை என்ற சரக்குக்கு நன்னாரியைத்தான் குறிக்கிறது. சந்தையிலோ தென்னிந்தியாவில் அந்தப் பெயரில் நகரும் சரக்கில் பெரும்பங்கு மாகாளி. காரணம் எடை. நன்னாரி வேர் மெல்லியது, கட்டைத்தன்மை மிகுந்தது. நாளெல்லாம் தோண்டினாலும் கூடை நிறையாது. மாகாளி ஒரு பாறை இடுக்கிலேயே கிலோக்கணக்கில் கிடைக்கும். ஆனால் கிழங்கோடு பெயர்த்தெடுத்தால் அந்தக் கொடி அத்தோடு முடிந்தது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் மாகாளி இன்று அழியும் ஆபத்தில் உள்ள தாவரம். நன்னாரி அந்த நிலையில் இல்லை. அருணாசலத்தில் கோடைதோறும் காய்ந்த புல் பற்றி எரிந்தாலும், வேரில் உயிரை ஒளித்து வைத்துக்கொண்டு அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும் கொடி அது. மலிவான சர்பத்துக்காக, பரவலாகக் கிடைக்கும் கொடிக்குப் பதில் அரிய கொடி அழிகிறது.

வேராக இருக்கும்வரை பிரித்தறிவது கடினமில்லை. நன்னாரி வேர் கரும்பழுப்பாக, வளைந்து நெளிந்து, குறுக்கே வெடிப்புகளோடு இருக்கும். பட்டை கட்டையிலிருந்து சட்டென்று கழன்றுவிடும். மாகாளி பருமன், சதைப்பிடிப்பு, உடைத்தால் வெளிறிய உள்பகுதி. பொடியாகிவிட்டால் நுண்ணோக்கியோ டி.என்.ஏ. பரிசோதனையோ வேண்டும். பாகாகிப் புட்டியில் அடைபட்டுவிட்டால் மணச் சேர்மத்தை மட்டும் அளக்கும் சோதனை எதையும் சொல்லாது. இரண்டிலும் அதேதான் இருக்கிறது. வேரே இல்லாமல் செயற்கை மணமும் கருக்கிய சர்க்கரை நிறமும் சேர்த்துச் செய்த பாகும் அதே அலமாரியில் நிற்கும்.

எனவே வாங்குவதானால் வேராக வாங்குங்கள். மெல்லிய, பட்டை கழலும் வேராகப் பார்த்து. ஒரு கைப்பிடியைத் தட்டிக் கட்டை நீக்கி, ஒரு லிட்டர் வெந்நீரில் மூடி இரவு ஊறவிட்டால் நான்கு பேருக்குப் போதும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த நீரைச் சர்க்கரை சேர்க்காமலே குடிக்கலாம், மணத்தின் சாயலில் லேசான இனிப்பு தெரியும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. வீட்டில் தொட்டி இருந்தால் வேரோடு கூடிய தண்டுத்துண்டை ஆடி மழைக்கு முன் ஊன்றி வைக்கலாம். எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு வேர் ஓட இரண்டு, மூன்று ஆண்டுகளாவது ஆகும்.